காலிப் பெட்டியும் ஒரு சரக்குதான்!



இந்தப் பக்கங்களில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, கடை வாடகை, ஆன்லைன் போட்டி ஆகியவற்றைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசி வருகிறோம். இம்முறை நம் கடைகளின் பின்கட்டில் மடித்துக் கட்டிக் கிடக்கும் காலி அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சரக்கை இறக்கி அடுக்கியவுடன் அந்தப் பெட்டியின் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். வாரக் கடைசியில் பழைய பேப்பர்க்காரர் வந்து எடை போட்டு எடுத்துச் செல்கிறார். அதே தெருவில் நூறடி தள்ளி ஓர் அங்கன்வாடி மையம் இருக்கும். அங்கே மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேர், எல்லோர் கைக்கும் எட்டும் அளவுக்கு விளையாட்டுப் பொருள் இல்லாமல் சுவரில் வரைந்த படங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கக் கூடும். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு வழி போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"வியாபாரப் பத்திரிகையில் குழந்தை வளர்ப்புக்கு என்ன வேலை?" என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். சரக்கு ஓரிடத்தில் இருக்கிறது. தேவை வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதானே வியாபாரியின் தொழில்? நம்மைத் தவிர இதைப் பேச வேறு யாருக்குத் தகுதி அதிகம்?

பொம்மையை விட்டுப் பெட்டியைப் பிடிக்கும் குழந்தை

பொம்மைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட சங்கதி ஒன்று உண்டு. தகப்பனார் பேரம் பேசி, எட்டு நூறு ரூபாய் கொடுத்து பேட்டரி கார் வாங்கிச் செல்கிறார். பிள்ளை அரை நாள் அதை ஓட விட்டுப் பார்க்கிறது. மறுநாள் கார் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பிள்ளையோ அந்தக் கார் வந்த பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பஸ் கிளம்பிடுச்சு, டிக்கெட் டிக்கெட்" என்று கத்திக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். காசு வீணாகிவிட்டதே என்று தாயார் அங்கலாய்க்கிறார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை கணக்குத் தெரிந்த பிள்ளை. பொத்தானை அமுக்கினால் கார் ஓடும், விளக்கு எரியும், ஒரு பாட்டுப் பாடும். அதற்கு மேல் அந்தக் காரால் ஆவது ஒன்றுமில்லை. வேலை எல்லாவற்றையும் காரே செய்துவிடுகிறது. பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம். பெட்டி அப்படியில்லை. இன்று பஸ், நாளை கடை, நாளை மறுநாள் கோயில், அதற்கடுத்த நாள் பூனைக்குட்டியின் வீடு. இனிப்புக் கடையில் வாங்கிய ஜிலேபி ஜிலேபிதான். மளிகைக் கடையில் வாங்கிய மாவு, செய்கிறவர் கைப்பக்குவத்துக்கு ஏற்ப எத்தனையோ பலகாரமாகும். குழந்தைக்கு ஜிலேபியும் வேண்டும்தான். ஆனால் அது கைப்பக்குவம் கற்றுக்கொள்வது மாவில்தான்.

இன்னது செய்ய வேண்டும் என்ற கட்டளையில்லாத பொருள், இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமில்லாத நேரம், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். சிறு குழந்தையின் விளையாட்டுக்கு இந்த மூன்றும் போதும். முதலாவது நம் கடைகளில் கொட்டிக் கிடக்கிறது.

அளவையும் எண்ணும் கையில்தான் தொடங்குகின்றன

இப்படி விளையாடுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் தொழிலிலிருந்தே பதில் சொல்லலாம். படி கொண்டு அளந்த காலத்துப் பெரியவர்களுக்குக் குவித்து அளந்த படிக்கும் தலைதட்டி அளந்த படிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். சின்னக் குழந்தைக்கு அது தெரியாது. அகலமான கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரை அதன் கண்ணெதிரே ஒடுக்கமான உயரத் தம்ளருக்கு மாற்றுங்கள். "தம்ளரில்தான் நிறைய இருக்கிறது" என்று நான்கு வயதுக் குழந்தை சத்தியம் செய்யும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதைப் பலவிதமாகச் சோதித்துக் காட்டியிருக்கிறார். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் அளவு மாறவில்லை என்பது பிடிபடுகிறது. அதை வாயால் சொல்லிப் புரிய வைப்பது கடினம். மணலையும் தண்ணீரையும் டின்னிலிருந்து குவளைக்கும், குவளையிலிருந்து கொட்டாங்கச்சிக்கும் நூறு முறை மாற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தப் பாடம் தன் கையாலேயே வந்து சேர வழி பிறக்கிறது.

மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்து வைக்கும் பிள்ளை சரக்குப் பிரிக்கிறது. பெரிய டின்மேல் சின்ன டின்னை வைத்துக் கோபுரம் கட்டி, அது விழுந்ததும் மறுபடி கட்டும் பிள்ளை பாரத்தையும் சமநிலையையும் படிக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஒரே அட்டைக் குழலுக்குச் சண்டை போட்டு, கடைசியில் "நீ இந்தப் பக்கம் பிடி, நான் அந்தப் பக்கம்" என்று சமாதானமாகும்போது பேரமும் கூட்டும் படிக்கின்றன. இதெல்லாம் பின்னால் பள்ளிக்கூடத்தில் எண்ணாகவும் எழுத்தாகவும் வரப்போகிறவைதான். விரல்கள் பிசைந்து, உருட்டி, கட்டி, அவிழ்த்துப் பலப்பட்ட பிறகு பென்சில் பிடிப்பது எளிது. மூன்று வயதில் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைக்கும் நர்சரிகள் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடி கட்டுகின்றன. "என் பிள்ளை எல்.கே.ஜி.யிலேயே நூறு வரை எழுதுகிறான்" என்று மகிழ்ந்து கட்டணம் கட்டும் பெற்றோரில் நம் வணிகக் குடும்பங்களும் உண்டு. நூறு வரை எழுதுவது இருக்கட்டும்; பத்துப் புளியங்கொட்டையை இரண்டு பங்காக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உலகம் கண்டறிந்தது

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃபிரோபெல் என்பவர் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறுவர்களுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு 1840-இல் அவர் வைத்த பெயர்தான் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம். அங்கே பாடப் புத்தகம் கிடையாது. கம்பளி நூலால் ஆன வண்ணப் பந்துகள், மர உருண்டை, மரக் கட்டைகள் ஆகியவற்றையே வரிசையாகக் கொடுத்தார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயார் 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தக் கட்டைகளைப் பார்த்துவிட்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். தம் கட்டடக் கலைக்கு அந்த மரக்கட்டைகள் அடிப்படையாக இருந்ததை ரைட் தம் சுயசரிதையிலேயே பதிவு செய்திருக்கிறார்.

இங்கிலாந்தின் சைமன் நிக்கல்சன் 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓரிடத்தில் நகர்த்தவும், சேர்க்கவும், பிரிக்கவும், மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை வகை இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே இருப்பவர்களின் கற்பனையும் புதிது காணும் திறமையும் வளரும் என்பது அவர் கருத்து. அசைக்க முடியாத சிமெண்ட் யானையைப் பூங்காவில் நட்டு வைத்துவிட்டுக் குழந்தைகளுக்காகச் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதை அவர் ஒப்பவில்லை. அதே நாட்டின் எலினோர் கோல்ட்ஷ்மீட் (1910–2009), உட்காரத் தெரிந்து இன்னும் தவழத் தொடங்காத கைக்குழந்தைகளுக்கென்றே 'பொக்கிஷக் கூடை' என்ற ஏற்பாட்டைச் செய்தார். கைப்பிடியில்லாத ஒரு தாழ்ந்த கூடை. அதில் மரக்கரண்டி, தூரிகை, சங்கிலி, எலுமிச்சம்பழம், சிப்பி போன்ற வீட்டுப் பொருள்கள். பிளாஸ்டிக் பொம்மைக்கு அதில் இடமில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் பொருத்தமான உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. வட இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், அதன் அருகே ஒரு கிராமத்து மக்கள், ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மலகுட்சி (1920–1994) என்ற ஆசிரியர் அவர்களோடு சேர்ந்தார். இன்று பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அந்நகரத்து மழலையர் பள்ளிகளைப் பார்க்கப் போகிறார்கள். அதே நகரில் 1996-இல் 'ரெமிடா' என்ற நிலையம் தொடங்கப்பட்டது. உள்ளூர் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் மீந்துபோன, கழித்துப் போட்ட பொருள்களை வாங்கி, பிரித்து, அழகாக அடுக்கி வைத்து, பள்ளிகளுக்குக் கொடுப்பதே அதன் வேலை. காகித வெட்டு, தோல் துண்டு, அட்டைக் குழல், துணி, மரத் துண்டு எல்லாம் அங்கே சேரும். தொட்டதெல்லாம் பொன்னாக்கிய மைடாஸ் அரசனின் பெயரைத்தான் அந்த நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். நகராட்சி முன்வந்தது, தொழில் செய்பவர்கள் சரக்கைக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் எடுத்துச் சென்றார்கள். இதில் நம் ஊரில் நடக்காத காரியம் எது?

நம் மண்ணில் இருந்ததுதான்

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று தனித்தனிப் பருவங்களே வகுத்து வைத்த மொழி நம்முடையது. மணலில் வீடு கட்டுவதும், பறை கொட்டுவதும், தேர் உருட்டுவதும் குழந்தைப் பருவத்தின் அடையாளங்கள் என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள். பனங்காய் வண்டி, பூவரச இலைப் பீப்பீ, தென்னோலைக் காற்றாடி, தீப்பெட்டி டெலிபோன், சோடா மூடி, புளியங்கொட்டை என்று காசில்லாமல் விளையாடி வளர்ந்த தலைமுறைதான் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. சொப்புச் சாமான் வைத்து வீட்டுத் திண்ணையில் மண்ணை அரிசி என்றும், இலையை ரூபாய் என்றும் சொல்லி விற்று வாங்கியதுதான் பலருடைய முதல் வியாபாரம். நவராத்திரிக் கொலுவில் அரிசி, பருப்புக் குவியல்களை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மையைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் கடை வைத்து விளையாட ஆசைப்படாமல் இருக்காது.

கடைத்தெருவுக்கும் குழந்தையின் கைக்கும் உள்ள உறவை அரவிந்த் குப்தாவைப் போல் உணர்ந்தவர் அரிது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர் அவர். 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் வேலை செய்யப் போனார். அங்கே வாரச் சந்தையில் விற்ற சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து, முக்கோணம், சதுரம், வீட்டின் வடிவம் என்று மாதிரிகள் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். பிறகு பழைய பொருள்களிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சந்தைச் சரக்கில் சில்லறைக் காசுக்கு விஞ்ஞானம் இருக்கிறது என்பதை நாடே ஒப்புக்கொண்டதாக இதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இன்று நடப்பது என்ன?

பள்ளி விட்டு வரும் பிள்ளையும் பள்ளிக்குப் போகாத பிள்ளையும் கடையில் பெற்றோரோடு இருப்பது நம் தொழிலில் சகஜம். முன்பெல்லாம் அந்தப் பிள்ளை சாக்கின்மேல் ஏறி இறங்கும். காலி டின்னைத் தட்டும். சணல் கயிற்றை முடிச்சுப் போடும். இப்போது வாடிக்கையாளர் கூட்டம் வந்தால் பிள்ளையின் கையில் செல்போன் போகிறது. பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறது, வியாபாரம் தடையின்றி நடக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. சாயங்காலக் கூட்டம் ஒன்றிலேயே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும்.

பேசும் பொம்மைகள் பிள்ளைக்குப் பேச்சு கற்றுக்கொடுக்கும் என்று அட்டையில் அச்சிட்டு வருகிறது. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வொன்று 2015-இல் வெளியானது. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கொண்டு, மொத்தம் 26 இணைகளை வைத்து நடத்தியது. மின்னணுப் பொம்மை வைத்து விளையாடியபோது பெற்றோர் குழந்தையோடு பேசிய சொற்கள், சாதாரணப் பொம்மையோ புத்தகமோ வைத்திருந்தபோது பேசியதைவிடக் குறைந்து போயின. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. பொம்மை பேசினால் தாய் வாயை மூடிக்கொள்கிறாள். காலி டின் பேசாது. ஆகவே யாராவது பேசியாக வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2018-இல், நல்ல விளையாட்டுப் பொருள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, எளிய பொருள்களே சிறந்தவை என்று பெற்றோருக்கு ஆலோசனை கூறியது.

மூன்று ஆட்சேபணைகள்

இதைப் பற்றி வியாபார நண்பர்களிடம் பேசும்போது மூன்று ஆட்சேபணைகள் வருகின்றன. மூன்றும் நியாயமானவை.

முதலாவது, பொம்மை வியாபாரிகளுடையது. "நாங்களும் சங்கத்தின் உறுப்பினர்கள்தானே? எங்கள் பிழைப்பில் மண் போடலாமா?" என்கிறார்கள். 2020-இல் இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. இத்தனையையும் தாங்கித் தொழில் நடத்துபவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நாம் எதிர்ப்பது பொம்மையை இல்லை. மரக்கட்டைகள், களிமண், வண்ணக் கட்டிகள், அம்பாசமுத்திரம் பக்கத்து மரச் சொப்புகள் போன்றவை பல விதமாக விளையாடத் தக்கவை. அவற்றை முன் அலமாரியில் வையுங்கள். வாங்க வரும் பெற்றோரிடம், "இதை வைத்துப் பிள்ளை பத்து விதமாக விளையாடும்" என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாளில் அலுத்துப்போகும் பொம்மையை விற்றவரிடம் பெற்றோர் மறுபடி வரத் தயங்குவார்கள். ஓராண்டு உழைக்கும் பொம்மையை விற்றவரைத் தேடி வருவார்கள்.

இரண்டாவது, "அட்டையும் காசுதானே? பழைய பேப்பர்க்காரர் கிலோவுக்கு விலை தருகிறாரே" என்பது. உண்மை. சிறு கடைக்காரருக்கு அந்தத் தொகை கடைப்பையனின் டீச் செலவுக்காவது உதவுகிறது. எல்லாவற்றையும் கொடுக்க நாம் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு சாக்கு அளவு போதும். ஒரு மையத்தில் இருபது குழந்தைகள் மாதம் முழுவதும் விளையாட அதுவே தாராளம்.

மூன்றாவது ஆட்சேபணைதான் கனமானது. "நம் வீட்டுப் பிள்ளைக்குக் கடை பொம்மை, ஏழைப் பிள்ளைக்குக் கழிவா? இது தருமமா, அவமானமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அவர்களில் நம் கடைச் சிப்பந்திகளின் பிள்ளைகளும் உண்டு. அழுக்கும் கிழிசலுமாக மூட்டை கட்டி அங்கே தள்ளிவிட்டு வருவது தருமம் ஆகாது. குப்பை வண்டிக்கு மாற்று ஏற்பாடாகத்தான் ஆகும். ஆகவே நாம் முன்வைக்கும் விதி ஒன்றே ஒன்று. எந்தப் பொருளை உங்கள் பேரப்பிள்ளை கையில் முதலில் கொடுத்து விளையாட விடத் துணிவீர்களோ, அந்தப் பொருளை மட்டும் அங்கன்வாடிக்குக் கொடுங்கள். வாடிக்கையாளருக்குத் தரும் சரக்கைப் போலவே துடைத்து, பார்த்து, பிரித்து, கட்டிக் கொடுங்கள். இந்த விதியைப் பின்பற்றினால் பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே விளையாட்டுப் பொருள். அதில் அவமானம் எங்கே வரும்?

எந்தக் கடையிலிருந்து எது?

ஜவுளிக் கடைக்காரர்கள் துணி சுற்றி வரும் அட்டைக் குழல்களையும், சட்டைக்குள் வைக்கும் அட்டைகளையும், புடவைப் பெட்டிகளையும், வண்ண வண்ண வெட்டுத் துண்டுகளையும் கொடுக்கலாம். தையற்கடைகளில் நூல் தீர்ந்த பெரிய கூம்புகள் நிறையச் சேரும். அடுக்கி விளையாட அவற்றுக்கு இணையில்லை. மளிகைக் கடைக்காரர்கள் சின்னதும் பெரியதுமான அட்டைப்பெட்டிகள், சுத்தமான சாக்கு, விளிம்பு மழுங்கிய மூடியுள்ள டின்கள் கொடுக்கலாம். வீட்டு உபயோகப் பொருள் கடையில் வாஷிங் மெஷின் வந்த பெட்டி ஒன்று கிடைத்தால் போதும். அங்கன்வாடியில் ஒரு மாதத்துக்கு அதுதான் வீடு, அதுதான் ரயில். பழக்கடைகளில் ஆப்பிள் வரும் குழிவுள்ள காகிதத் தட்டுகளும் மூங்கில் கூடைகளும் உண்டு. பாத்திரக் கடைகளில் பழையதற்குப் புதியது மாற்றும்போது வரும் கிண்ணம், தம்ளர், கரண்டிகளில் கூர்மையில்லாதவற்றைத் தேய்த்துக் கொடுக்கலாம். பிளைவுட் கடைகளில் பழைய மாதிரித் துண்டுகள், பெயிண்ட் கடைகளில் காலம் கடந்த வண்ண அட்டைகள், மரக்கடைகளில் உப்புத்தாள் போட்டு இழைத்த கட்டைத் துண்டுகள், அச்சகங்களில் வெட்டி மீந்த தாள் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எது கூடவே கூடாது?

இதை அன்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கடையில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பாதுகாப்பு. நாம் கொடுக்கும் பொருளுக்கு நம் கண்தான் முத்திரை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்; அது அந்த உருளைக்குள் போய்விடும். ஆகவே பத்து ரூபாய் நாணயம் அளவுள்ள மூடி, பொத்தான், சோழி, புளியங்கொட்டை, பட்டாணி எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கும் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்ட பயறு ஊறிப் பருத்துவிடும்.

பாலிதீன் பை எந்த வயதுக்கும் கூடாது. முகத்தில் ஒட்டி மூச்சை நிறுத்திவிடும். கைக்கடிகாரத்திலும் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி மிகவும் ஆபத்தானது; விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கக் கூடும். சின்னக் காந்தங்கள், உதிரும் தெர்மோகோல், பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், கண்ணாடி, பூச்சிமருந்து, பெயிண்ட், ஆசிட் வந்த டப்பாக்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். அட்டைப்பெட்டியின் பின்களைப் பிடுங்கிவிட வேண்டும். கயிறு கொடுத்தால் கழுத்தைச் சுற்றாத அளவுக்குச் சிறு துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் குழந்தை ஏறி விளையாட ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது. கதவு மூடிக்கொண்டால் உள்ளே காற்று கிடையாது.

செய்ய வேண்டியது

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 2025-இல் அரை நூற்றாண்டு நிறைந்தது. தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் உண்டு. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் விளையாட்டு வழிப் பாடத்திட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் சமையலையும் எடை பார்ப்பதையும் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டு, குழந்தைகளுக்கு விளையாட்டும் நடத்த வேண்டியிருக்கிறது. அவருக்கு நாம் செய்யக் கூடிய உதவி இது. அவரைக் கேட்காமல் மூட்டையை இறக்கிவிட்டு வரக் கூடாது. எது வேண்டும், எவ்வளவு வேண்டும், வைக்க இடமுண்டா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு நம் கிளைச் சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு கடிதம் எழுதி ஒப்புதல் பெறுங்கள். கடைத்தெருவுக்கு ஒரு கடையைச் சேகரிப்பு இடமாக வைத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கும் போகிக்கும் மார்ச் மாத இருப்புக் கணக்குக்கும் எப்படியும் கடையை ஒழிக்கிறோம். ஒழித்ததைத் தெருவில் கொளுத்துவதற்கு முன் ஒரு சாக்கு தனியே எடுத்து வைப்பது பெரிய சிரமம் இல்லை. பழசாகிக் கிழிந்த பொருள்களைத் திரும்ப எடுத்து வரும் பொறுப்பும் நம்முடையதே. அப்போதுதான் மையம் குப்பைக் கிடங்காகாது.

ஒரு வேண்டுகோள். கொடுக்கும்போது பேனர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம். பெட்டியின் மேல் கடைப் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அதுவே போதுமான விளம்பரம்.

நம் கடைகளுக்குள்ளேயும் ஒரு மூலை ஒதுக்குவோம். கல்லாவிலிருந்து பார்வைக்குப் படும் இடத்தில் ஒரு பழைய பாய், நான்கு பெட்டி, ஐந்தாறு டின், ஒரு மரக்கரண்டி, கொஞ்சம் துணி. நம் பிள்ளையும், சிப்பந்தியின் பிள்ளையும், சாமான் வாங்க வந்த தாயின் பிள்ளையும் அங்கே உட்காரட்டும். கூச்சல் இருக்கும், டின் விழும், சில சமயம் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பொறுத்துக்கொள்வோம். அந்தக் கூச்சலில்தான் ஒரு பிள்ளை, எத்தனை டின் அடுக்கினால் விழும், எத்தனை அடுக்கினால் நிற்கும் என்று தன் கையாலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த லோடு வந்து இறங்கும்போது, பெட்டியை மிதித்து மடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே வந்த சரக்கு விற்றால் நமக்கு லாபம். வந்த பெட்டி நல்ல இடத்துக்குப் போனால் ஊருக்கு லாபம். இரண்டையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வோம்.